திரு. உத்தமன்

தர்ஷினியின் கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகாமல் நின்றது. பெண்ணின் அப்பா பெயருக்கு முன்னால் ‘திரு’ போடுவதா, ‘தெய்வத்திரு’ போடுவதா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஓசூரிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா இரண்டு தடவை ஆள் விட்டுக் கேட்டுவிட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. இருக்கிறாரா இல்லையா, எதுவானாலும் சரி, ஒன்றைச் சொல்லுங்கள் என்றுதான் கேட்டார். அந்த ஒன்றைத்தான் சரசு அக்காவால் சொல்ல முடியவில்லை.

சரசு அக்காவுக்கு ஹெப்பகோடியில் எங்கள் லைன் வீட்டில் கடைசிப் போர்ஷன். பிளாஸ்டிக் கம்பெனியில் பேக்கிங் வேலை. நான் ரகு, எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனிக்குக் கார் ஓட்டுகிறேன். எனக்கு அவள் சொந்தமில்லை. தம்பி என்று கூப்பிட்டாள், அப்படியே ஆகிவிட்டது. என் மனைவி என் பேச்சைவிட அவள் பேச்சைத்தான் கேட்பாள் என்பது வேறு கதை.

தொண்ணூற்றொன்று டிசம்பரில் காவிரிக் கலவரம் நடந்தபோது அவர்கள் நகரத்துக்குள் ஆடுகோடியில் குடியிருந்தார்கள். புருஷன் உத்தமன் அங்கே ஒரு ஒர்க்ஷாப்பில் லேத் ஓட்டினார். அன்று காலையில் வேலைக்குப் போனவர் மதியம் ஆகியும் வரவில்லை. தெருமுனையில் டயர் எரிய ஆரம்பித்ததும் தெருவிலிருந்த தமிழ்க் குடும்பங்களை ஒரு லாரியில் ஏற்றினார்கள். சரசு அக்கா ஏறமாட்டேன் என்று வாசலிலேயே நின்றாளாம். எட்டு வயசு தர்ஷினியை யாரோ தூக்கி லாரியில் போட்டதும் பின்னாலேயே ஏறிவிட்டாள். புருஷன் பின்னால் வருவார், ஓசூரில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னார்கள். அவர் ஓசூருக்கும் வரவில்லை, சொந்த ஊரான பாலக்கோட்டுக்கும் வரவில்லை. பொங்கல் கழிந்து, ரோடு அமைதியானபின் அவருடைய அண்ணன் ராஜேந்திரன் வந்து ஸ்டேஷன் ஸ்டேஷனாக, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் தேடினார். எங்கேயும் அப்படி ஒரு பெயர் இல்லை. கையில் காட்ட ஒரு போட்டோகூட இல்லை. வீட்டில் இருந்ததெல்லாம் எரிந்த வீட்டோடு போயிற்று. அப்புறம் வேலை தேடித் திரும்பி வந்தபோதுதான் அக்கா எங்கள் லைன் வீட்டுக்குக் குடிவந்தாள்.

காணாமல் போனவனுக்குப் பன்னிரண்டு வருஷம் காத்திருப்பது அவர்கள் பக்கத்து வழக்கம். அதுவரை பெண்டாட்டி பூவும் பொட்டுமாகத்தான் இருக்கவேண்டும். பன்னிரண்டு முடிந்தால் தர்ப்பையில் ஒரு உருவம் செய்து எரித்துக் காரியத்தை முடித்துத் தாலியை வாங்கிவிடுவார்கள். சரசு அக்கா அத்தனை வருஷமும் பொட்டு வைத்தாள், வெள்ளிக்கிழமை பூ வைத்தாள். பக்கத்தில் வளைகாப்பு என்றால் அவளைக் கூப்பிடலாமா கூடாதா என்று பெண்கள் குசுகுசுப்பார்கள். அவளுக்கு அது கேட்கும். கூப்பிட்டாலும் வருவேன், கூப்பிடாவிட்டாலும் சாப்பாட்டுக்கு வருவேன் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போவாள்.

இரண்டாயிரத்து மூன்றில் தர்ஷினிக்கு மாப்பிள்ளை அமைந்தான். ஹரிஷ்குமார் என்று நல்ல பையன், ஓசூரில் வண்டி பார்ட்ஸ் செய்யும் கம்பெனியில் வேலை. ஆவணியில் முகூர்த்தம். ராஜேந்திரன் பாலக்கோட்டிலிருந்து வந்து, பன்னிரண்டு முடியக் கொஞ்ச நாள்தானே பாக்கி, ஆடியிலேயே காரியத்தை முடித்துவிட்டு ‘தெய்வத்திரு’ என்று அடிக்கலாம், யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள் என்றார். கெட்ட மனுஷன் இல்லை, தன் செலவில் கல்யாணம் செய்து வைக்க வந்தவர். ஆனால் காரியம் முடிந்தால் சரசு அக்கா மேடை ஏற முடியாது. தூணுக்குப் பின்னால் நின்று மகள் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்க்கவேண்டும். தர்ஷினி ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்: அம்மா மேடையில் இல்லாவிட்டால் தனக்குக் கல்யாணமே வேண்டாம். பெண் இந்தப் பக்கம் இழுக்க, பெரியப்பா அந்தப் பக்கம் இழுக்க, நடுவில் அக்கா தூக்கமில்லாமல் கிடந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் நான் அந்தப் படத்தைப் பார்த்தேன்.

கம்பெனிக்கு வந்த வெள்ளைக்கார விருந்தாளிகளை ரிச்மண்ட் ரோடு பக்கம் ஒரு பங்களாவுக்கு அழைத்துப் போயிருந்தேன். அந்த வீட்டுக்காரர் காப்பித் தோட்ட முதலாளி. உலகத்தில் யாரும் வாங்காத ஓவியமெல்லாம் வாங்கி வீடு முழுக்க மாட்டிவிட்டு, பிள்ளைகளோடு வெளிநாடு போய்விட்டார். சனிக்கிழமையில் வருகிறவர்களுக்குத் திறந்துவிடுவார்கள். டிரைவர்களுக்கு அங்கே மரத்தடிதான். நான் தண்ணீர் கேட்கிற சாக்கில் உள்ளே போய்க் காற்றாடிக்குக் கீழே நின்றேன். எதிர்ச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு படம். கயிற்றுக் கட்டிலில் ஒருவர் மல்லாந்து படுத்திருக்கிறார். மார்பு வரை பூப்போட்ட போர்வை. கண் மூடியிருக்கிறது. வலது கை கட்டிலுக்கு வெளியே தொங்குகிறது. அந்தக் கையில் பச்சை குத்தியிருந்தது, தமிழில், சரசு என்று.

நான் உத்தமனைப் பார்த்ததில்லை. ஆனால் அவர் கையிலிருந்த பச்சையைப் பற்றி எங்கள் லைன் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கல்யாணமான வருஷம் பாலக்கோட்டுச் சந்தையில் குத்திக்கொண்டது, கடைசி எழுத்து குத்தும்போது கை துடித்ததில் அது கீழே சரிந்துவிட்டது என்று அக்கா ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். படத்திலும் அந்த எழுத்து சரிந்திருந்தது.  அன்று காரை எப்படி ஓட்டிக்கொண்டு வந்தேன் என்று எனக்கே தெரியாது.

அடுத்த சனிக்கிழமை அக்காவை பஸ்ஸில் அழைத்துப் போனேன். தர்ஷினிக்கோ ராஜேந்திரனுக்கோ சொல்லவேண்டாம், முதலில் நான் பார்க்கிறேன் என்றாள் அக்கா. நல்ல சேலை கட்டியிருந்தாள். மூன்று பேருக்குப் புளிசாதம் கட்டியிருந்தாள். மூன்றாவது யாருக்கு என்று நான் கேட்கவில்லை. பஸ் ஆடுகோடியைத் தாண்டும் வரை ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை, கண்டக்டர் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தாள். அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் அவள் நகரத்துக்குள் வந்ததே நாலைந்து தடவைதான் இருக்கும், அதுவும் ஆஸ்பத்திரிக்கு.

பங்களாவைப் பார்த்துக்கொள்கிறவர் சீனிவாசராகவன் என்ற பெரியவர். சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ரிட்டையர் ஆனவர். மூன்று தலைமுறையாக மல்லேஸ்வரத்தில் இருக்கிற ஐயங்கார் குடும்பம். எங்களைப் பார்த்ததும் வேலைக்கு வந்தவர்கள் என்று நினைத்துப் பின்பக்க வாசலைக் காட்டினார். படம் பார்க்க வந்திருக்கிறோம் என்றதும் வெட்கப்பட்டு, வாங்கோ வாங்கோ என்று முன்வாசலைத் திறந்தார். அக்கா செருப்பை வாசலிலேயே கழற்றினாள். வேண்டாம் என்று அவர் சொல்லியும் கேட்கவில்லை.

வழியில் இருந்த படம் எதையும் அவள் பார்க்கவில்லை. நேராக அந்தப் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். கையிலிருந்த எழுத்தைக்கூட முதலில் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தாள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“அவருதான் தம்பி,” என்றாள். “தூங்கறாரு.”

பெரியவர் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து அவளை உட்காரவைத்தார். விஷயத்தை நான் சுருக்கமாகச் சொன்னேன். அவருக்கு அரைகுறையாகத்தான் விளங்கியது என்றாலும் ஆள் நல்லவர். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு படத்தின் கீழ்மூலையில் குனிந்து பார்த்தார். பத்ரிநாத் என்று கையெழுத்து, பக்கத்தில் வருஷம், தொண்ணூற்றிரண்டு என்று படித்தார்.

அந்த வருஷம் அக்காவின் காதில் விழுந்த நேரத்தை நான் மறக்கமாட்டேன். தொண்ணூற்றொன்று டிசம்பரில் காணாமல் போனவர் தொண்ணூற்றிரண்டில் கட்டில் போட்டுப் போர்வை போர்த்தித் தூங்கியிருக்கிறார் என்றால் உயிரோடு இருந்திருக்கிறார். கலவரம் அவரைக் கொல்லவில்லை. அவள் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம். ஆனால் பெண்டாட்டி இல்லையா, அடுத்த நிமிஷமே கோபம் வந்துவிட்டது. நான் பிள்ளையை வைத்துக்கொண்டு ஊரூராக நாய் படாத பாடு படுகிறேன், இவர் பூப்போட்ட போர்வைக்குள் நிம்மதியாகத் தூங்குகிறாரா என்று படத்தைப் பார்த்தே கேட்டாள். அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எங்கேயோ இருந்தால் போதும் என்றாள்.

படம் போட்டவரைக் கேட்டால் இடம் தெரிந்துவிடும் அல்லவா. பெரியவரைக் கேட்டோம். அவருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. வருகிறவர்களுக்கெல்லாம் இதை உழைப்பாளியின் உறக்கம் என்று சொல்லித்தான் காட்டுவாராம், வெள்ளைக்காரர்கள் மணிக்கணக்கில் நின்று பார்ப்பார்களாம். இப்போது அந்த உழைப்பாளியே கிடைக்கப்போகிறார் என்றால் சும்மாவா. ஹாலிலிருந்த போனை எடுத்து அந்த ஓவியரைக் கூப்பிட்டார். தமிழில்தான் ஆரம்பித்தார், சம்சாரம் வந்திருக்கா, ஆளைத் தேடறா என்று. மறுமுனையில் என்ன சொன்னார்களோ, ரிசீவரை இன்னொரு காதுக்கு மாற்றினார். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, குரலைத் தாழ்த்திக் கன்னடத்துக்கு மாறினார்.

“ஹெணானா? மலகிரோதல்வா?”

பிணமா, தூங்குகிறவர் இல்லையா என்று அர்த்தம். ஹெப்பகோடியில் கூலி வேலை செய்கிற தமிழர்களுக்குக் கன்னடம் தெரியாது என்று நினைத்துவிட்டார். பெரியவரே, கன்னடம் தெரியாமல் எங்களில் யாராவது ஒரு நாள் இந்த ஊரில் பிழைக்க முடியுமா. கம்பெனியில் சூப்பர்வைசரிடம் அவள் கன்னடத்தில்தான் திட்டு வாங்குவாள், கன்னடத்தில்தான் திருப்பிக் கொடுப்பாள். நான் அக்கா பக்கம் திரும்பினேன். நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடி அசையாமல் இருந்தாள்.

போனை வைத்துவிட்டு வந்தவர் எதையோ பூசி மெழுகப் பார்த்தார். ஓவியருக்குச் சரியாக ஞாபகமில்லையாம், வெகு காலம் ஆகிவிட்டதாம்.

“எனக்குக் கன்னடம் வரும் சார்,” என்றாள் அக்கா. “முழுசா சொல்லுங்க.”

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பத்ரிநாத் அப்போது ஓவியம் படித்துக்கொண்டிருந்தவர். மனித உடம்பை வரைந்து பழகுவதற்காக ஒரு மருத்துவக் கல்லூரியில் உடல் அறுத்துப் படிக்கிற கூடத்துக்கு மாணவர்களை அழைத்துப் போவார்களாம். கலவரம் முடிந்த அடுத்த மாதங்களில், யாரும் வந்து கேட்காத உடல்கள் சில அங்கே வந்தன. அதில் ஒன்று இது. முகத்தில் அடியே இல்லாததால் வரைந்தார். வீட்டுக்கு வந்து பெரிதாகத் தீட்டும்போது கல்மேடையை எடுத்துவிட்டுத் தன் வீட்டுக் கட்டிலையும் போர்வையையும் போட்டார். உடம்பு என்ன ஆயிற்று என்று நான் கேட்டேன். பிள்ளைகள் படிப்பதற்கு வந்த உடம்பு, என்ன ஆகும் என்றார் அவர்.

அக்கா ஒன்றே ஒன்று கேட்டாள். “கண்ணு மூடித்தான் இருந்துச்சாமா?”

 பெரியவர் ஆமாம் என்று ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம், அவருக்கு அது வரவில்லை. திறந்திருந்ததாம்மா, அவர்தான் மூடி வரைஞ்சாராம் என்று சொல்லிவிட்டு, அவரே அழ ஆரம்பித்தார். அக்கா அழவில்லை. எழுந்து போய்ப் படத்தின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். தொடக்கூடாது என்று எழுதிப்போட்டிருந்ததால் தொடவில்லை.

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தோம். நான் அழுதுகொண்டிருந்தேன், சொல்வதற்கென்ன, நன்றாகவே அழுதேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“வருஷத்தை மட்டும் சொல்லு தம்பி. மத்தது நீயும் நானும் கேக்கவே இல்ல.”

“அக்கா, அவரு…”

“அவருக்கு இனிமே ஒண்ணுமில்ல. அவளுக்கு நான் மேடையில நிக்கணும்.”

ரோட்டுக்கு எதிரே எஸ்.டி.டி. பூத் இருந்தது. அவள் பக்கத்தில் நிற்க, பாலக்கோட்டுக்குப் போன் போட்டு ராஜேந்திரனிடம் சொன்னேன். உங்கள் தம்பியைப் பார்த்து ஒருவர் படம் போட்டிருக்கிறார், அதில் தொண்ணூற்றிரண்டு என்று இருக்கிறது, ஆள் இப்போது எங்கே என்று அவர்களுக்குத் தெரியவில்லை. இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.  “அப்போ ஓடித்தான் போயிருக்கான்,” என்றார் ராஜேந்திரன். அதை நான் மறுக்கவில்லை. இன்றுவரைக்கும் எனக்கு அதில் வருத்தமும் இல்லை.

பத்திரிகையில் ‘திரு. உத்தமன்’ என்றே அடித்தார்கள். அதோடு ஊர் வாய்க்கு மெல்ல ஒரு ஆள் கிடைத்துவிட்டது. எவளோடு போயிருப்பான் என்பதில் ஆரம்பித்து, சிவமொக்காவில் குடும்பம் நடத்துகிறான், அங்கே இரண்டு பிள்ளைகள் என்பது வரைக்கும் போனார்கள். கம்பெனியில் கேட்டார்கள், தண்ணீர்க் குழாயில் கேட்டார்கள். பன்னிரண்டு வருஷம் பாவம் பார்த்த பெண்கள், நல்லவேளை உனக்குப் புருஷன் இருக்கிறான் என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். பெயர் மட்டும் உத்தமன் என்று ஒருத்தி அவள் எதிரிலேயே சொன்னாள். அக்கா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். செத்தவரை இப்படிப் பேசுகிறார்களே என்று எனக்குத்தான் கொதித்தது. வாயைத் திறக்க அவள் விடவில்லை.

தர்ஷினி என்னிடம் தனியாக வந்து, நிஜமாகவே தொண்ணூற்றிரண்டுதானா மாமா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு அப்பா என்ற சொல்லை அவள் வாயில் நான் கேட்கவில்லை. அந்த ஆள் என்றுதான் சொன்னாள்.

ஓசூர் மண்டபத்தில் கல்யாணம் சிறப்பாகவே நடந்தது. ராஜேந்திரனும் அவர் மனைவி காந்தாவும் தாரை வார்த்தார்கள். சரசு அக்கா அரக்குப் பட்டு கட்டி, தலை நிறையப் பூ வைத்து மேடையில் நின்றாள். மகள் நிமிஷத்துக்கொரு தடவை திரும்பிப் பார்த்து, அம்மா நிற்கிறாளா என்று உறுதி செய்துகொண்டாள். மற்றவர்கள் யாரும் கவனிக்காததை நான் கீழே இருந்து பார்த்தேன். நலங்கு வைக்கும்போது சந்தனக் கிண்ணத்தைக் காந்தா கையில் கொடுத்துவிட்டாள். தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்கு வந்தபோது எல்லோரும் தொட்டுக் கும்பிட்டார்கள், அவள் கையை நெஞ்சோடு சேர்த்துத் தொடாமலே கும்பிட்டாள். ஆரத்தியைப் பக்கத்தில் இருந்தவளிடம் தள்ளினாள். பொய் சொல்லி மேடை ஏறியவள், ஏறியபின் மகள்மேல் ஒரு விரல்கூடப் படாமல் பார்த்துக்கொண்டாள். புருஷனை இழந்தவள் கை பட்டு மகளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம். சாப்பாட்டுப் பந்தியில், அம்மா ஏன் என்னைத் தொடவே இல்லை என்று தர்ஷினி கேட்டதற்கு, கையெல்லாம் எண்ணெய் என்று சொல்லிவிட்டாள்.

புரட்டாசியில் மகாளய அமாவாசை வந்தது. செத்த நாள் தெரியாதவர்களுக்கெல்லாம் அன்றைக்குத்தான் திதி. அதற்கு முந்தின நாள் அக்கா பொட்டை அழித்தாள். தாலியைத் தானே கழற்றினாள், அதற்கு யாரையும் கூப்பிடவில்லை. பாலக்கோட்டுக்குப் போய் ராஜேந்திரனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தம்பியைத் திட்டிய வாயில் அடித்துக்கொண்டு அழுதார், மறுநாள் தர்ப்பணம் செய்தார். அங்கிருந்து ஓசூரில் மகள் வீட்டுக்குப் போனாள்.

தர்ஷினி நம்பவில்லை. ஓடிப்போனவரை நல்லவராக்குவதற்கு அம்மா கதை கட்டுகிறாள் என்றாள். அந்த ஆளுக்காகப் பூவையும் பொட்டையும் எடுத்துவிட்டு நிற்கிறாயே, வெட்கமாக இல்லையா என்று கேட்டாள். அவள் மேல் எனக்குக் கோபம் வந்தது, ஆனால் யோசித்தால் அவளைச் சொல்லியும் குற்றமில்லை. நாங்கள் சொன்னதைத்தான் அவள் நம்பினாள், அதையும் எவ்வளவு சிரமப்பட்டு நம்பியிருப்பாளோ. நேரில் வந்து படத்தைப் பார், அந்தப் பெரியவரைக் கேள் என்று அக்கா கெஞ்சிக் கூத்தாடி, ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை இரண்டு பேரையும் நான்தான் பங்களாவுக்கு அழைத்துப் போனேன்.

சீனிவாசராகவன் கைகூப்பி நின்று எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். கல்மேடை, திறந்த கண், வேறு வீட்டுப் போர்வை எல்லாம். தர்ஷினி அவரைப் பார்க்கவே இல்லை, படத்தைத்தான் பார்த்தாள். எட்டு வயசில் பார்த்த முகம். கொஞ்சம் கிட்டப் போனாள், அப்புறம் பின்னால் வந்தாள். எனக்கு உள்ளுக்குள் நம்பிக்கை வந்தது. இவ்வளவு நேரம் பார்க்கிறாளே, ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

“செத்தவங்க மூஞ்சியா இது?” என்றாள் தர்ஷினி. “நம்மள விட்டுட்டு எவ்ளோ நிம்மதியா தூங்கறாரு பாரும்மா.”

வெறும் நெற்றியோடு நின்ற சரசு அக்காவும் அந்த முகத்தைப் பார்த்தாள். அதில் காட்ட ஒரு காயம்கூட இல்லை.